ரேடியோ அட்டைகளுக்கு ஓர் அலமாரி: மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு திறந்த மடல்

நூலக நிர்வாகத்தினருக்கும் பொது நூலகத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

உங்கள் நூலகத்தில் ஓர் அலமாரி கேட்டு எழுதுகிறேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்து மறைந்த ஹாம் ரேடியோக்காரர்கள் விட்டுச்சென்ற க்யூஎஸ்எல் அட்டைகளை வாங்கிப் பாதுகாத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக்கொடுக்க ஓர் இடம் வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தபாலில் உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொல்லும் அட்டைகள் இன்று பல வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. அந்த வீட்டார் கண்ணிலும் இது பட வேண்டும். ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஒன்றிய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, சொந்த ஆர்வத்துக்காக வானொலி நிலையம் நடத்துபவர்கள் ஹாம்கள். ஒவ்வொருவருக்கும் உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் அது வியு2 என்றோ வியு3 என்றோ தொடங்கும். ஒரு ஹாம் இன்னொருவரைக் காற்றில் சந்தித்துக் குரலிலோ மோர்ஸ் குறியிலோ பேசி முடித்தபின், அந்தச் சந்திப்பு நடந்தது உண்மை என்று எழுதிக் கையெழுத்திட்டு ஓர் அட்டை அனுப்புவது ஏறக்குறைய நூறாண்டு வழக்கம். அதுவே க்யூஎஸ்எல் அட்டை. பதினான்குக்கு ஒன்பது சென்டிமீட்டர் அளவில் இருக்கும். முகப்பில் பெரிய எழுத்தில் அழைப்புக்குறி, அதன் பின்னணியில் ஊர்ப் படம். மதுரைக்காரர்களின் அட்டைகளில் பெரும்பாலும் மீனாட்சியம்மன் கோயில் கோபுரமோ திருமலை நாயக்கர் மகாலின் தூண்களோ இருக்கும். மறுபக்கத்தில் தேதி, நேரம், அலைவரிசை, பேசிய முறை, எதிராளியின் ஒலி எப்படிக் கேட்டது என்பதற்கான மதிப்பெண். தெளிவுக்கு ஐந்து வரை, வலுவுக்கு ஒன்பது வரை, மோர்ஸ் என்றால் தொனிக்கும் ஒன்பது வரை. நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும். மதுரையில் இரவு ஒன்பதரை மணிக்குப் பேசியிருந்தால் அட்டையில் 16.00 என்று இருக்கும்.

அட்டை வந்து சேரும் பாதை நீளமானது. பெரும்பாலான நாடுகளில் ஹாம்களின் தேசிய சங்கம் ஒரு க்யூஎஸ்எல் பீரோ, அதாவது அட்டைகளைப் பரிமாறும் அலுவலகம், நடத்தும். இந்தியாவில் அதை நடத்துவது அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா. நாடுவாரியாகக் கட்டுக் கட்டி ஒரு பீரோ அனுப்ப, அடுத்த நாட்டு பீரோ பிரித்து உரியவருக்குச் சேர்க்கும். சில வேளை இரண்டு வருடம்கூட ஆகும். பொறுக்க முடியாதவர்கள் நேரடியாக அனுப்புவார்கள். கவருக்குள் தன் முகவரி எழுதிய இன்னொரு கவரையும், பதில் தபாலுக்கான செலவாகப் பன்னாட்டுப் பதில் கூப்பனையும் வைப்பார்கள். 1906இல் ரோம் நகரில் கூடிய உலக அஞ்சல் ஒன்றிய மாநாடு கொண்டுவந்த கூப்பன் அது. சோவியத் ஒன்றியம் இருந்த காலத்தில் அந்தப் பெரிய நாட்டின் எந்த மூலையில் இருக்கும் ஹாமுக்கு எழுதினாலும் ஒரே முகவரிதான்: மாஸ்கோ, தபால் பெட்டி எண் 88.

நூறு நாடுகளுடனோ ஆட்சிப் பகுதிகளுடனோ பேசியதற்கு அட்டைகளைச் சான்றாகக் காட்டினால் அமெரிக்க ஹாம்களின் சங்கம் டிஎக்ஸ்சிசி என்னும் விருது தரும். அதற்காகத்தான் பலரும் சேர்க்கத் தொடங்குகிறார்கள். ஆனால் விருது கிடைத்த பிறகும் யாரும் அட்டைகளைத் தூக்கிப் போடுவதில்லை. காலணி வாங்கிய அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, நாட்டின் பெயர் எழுதிக் காகிதத் தடுப்பு வைத்து, சாகும்வரை வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் அதன் பிறகுதான் வருகிறது.

மதுரையில் ஒரு மூத்த ஹாம் இருந்தார். பள்ளி ஆசிரியர். டவுன் ஹால் ரோட்டில் அலைந்து வாங்கிய பாகங்களைக் கொண்டு தானே கட்டிய டிரான்ஸ்மிட்டரில், மொட்டை மாடியில் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பியில், ஐம்பது வாட்டுக்கும் குறைந்த சக்தியில் உலகத்தோடு பேசியவர். அவர் மறைந்த பின் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. பிள்ளைகள் வெளியூரில். கருவிகளை நண்பர்களுக்குக் கொடுத்தார்கள், புத்தகங்களை ஒரு பள்ளிக்குக் கொடுத்தார்கள். அட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பெயர் தெரியாத மனிதர்கள் புரியாத குறிகளில் எழுதிய பழைய அட்டைகளை யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்குச் சொல்ல ஊரில் ஆள் இல்லை, கொடுக்க இடமும் இல்லை. தகவல் அறிந்து நாங்கள் தேடிப் போனபோது கடையிலிருந்து மூட்டை போய்விட்டிருந்தது.

அந்தப் பெட்டிகளில் இருந்தவற்றில் பலவற்றை அவர் காட்ட நான் பார்த்திருக்கிறேன். 1972க்கு முந்தைய, சிலோன் என்று அச்சிட்ட அட்டைகள் இருந்தன. கிழக்கு ஜெர்மனி, யுகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா என்று இன்று வரைபடத்தில் இல்லாத நாடுகளின் அட்டைகள் இருந்தன. சோவியத் அட்டைகள் மெல்லிய தாளில் ஒன்றிரண்டு வண்ணத்தில் அச்சாகியிருக்கும். விண்கலமோ உழவு இயந்திரமோ படமாக இருக்கும். ஜப்பானியர் சிலர் கையால் வரைந்து அனுப்பியிருந்தார்கள். ஓர் அட்டையின் ஓரத்தில், 'என் வாழ்நாளில் நான் பேசிய முதல் இந்தியர் நீங்கள்தான்' என்று பின்லாந்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். இவரைப்போலவே ஒரு பள்ளி ஆசிரியர் அவர். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அயல்நாட்டுத் தொலைபேசி அழைப்புக்கு டிரங்க் கால் பதிவுசெய்து காத்திருந்த காலத்தில், மதுரையின் ஒரு தெருவிலிருந்து இத்தனை பேரோடு பேச்சு நடந்திருக்கிறது. அதற்கு எழுத்துச் சான்று இந்த அட்டைகள் மட்டும்தான். ஊர் வரலாற்றில் இது எங்குமே பதிவாகவில்லை.

இந்தச் சேகரிப்புக்கு அறிவியல் மதிப்பும் உண்டு என்று நான் சொல்வதற்குக் காரணம் மலைமேல் இருக்கிறது. கொடைக்கானல், 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை மதுரை மாவட்டத்து ஊர்தான். அங்குள்ள சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகளையும் படச்சுருள்களையும் அவர்கள் பாதுகாத்து, மின்னுருவாக்கம் செய்து, உலக ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. பெருகும் ஆண்டுகளில் வளிமண்டலத்தின் உச்சியிலுள்ள அயனமண்டலம் வலுவடைந்து, 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளையும் பூமிக்குத் திருப்பி வளைத்து அனுப்பும். அப்போது ஒரு மேசை விளக்குக்குப் போதுமான மின்சக்தியில் தென் அமெரிக்காவரை பேசிவிடலாம். புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் அதே அலைவரிசை தூரத்து நாடுகளுக்குப் பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கும். நாற்பது ஆண்டு ரேடியோ வைத்திருந்த ஒருவரின் அட்டைகளைத் தேதிப்படி அடுக்கினால் இது கண்ணெதிரே தெரியும். 28 மெகாஹெர்ட்ஸ் அட்டைகள் 1979 முதல் 1981 வரை குவிந்திருக்கும், 1986இல் அரிதாகும், 1989இல் மீண்டும் குவியும், 1996இல் மறுபடி காணாமல்போகும். சூரியனைப் படம்பிடித்த தகடுகள் கொடைக்கானலில் பத்திரமாக இருக்கின்றன. அதே சூரியன் வானொலி அலைகளுக்கு என்ன செய்தது என்பதன் பதிவு மலையடிவாரத்து வீடுகளில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நம் வட்டாரத்து அட்டைகளுக்குக் கூடுதல் சிறப்பு ஒன்றும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் 1963இல் முதல் ராக்கெட்டை ஏவியதற்கும் அதுவே காரணம். காந்த நடுக்கோட்டின் மேலுள்ள அயனமண்டலம் மற்ற இடங்களில் இருப்பதுபோல் நடந்துகொள்வதில்லை. அதற்குக் கீழே உட்கார்ந்து நாள்தோறும் வானொலி கேட்டவர்களின் பதிவுகள் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கிடைக்கக்கூடியவை அல்ல. ஹாம்களின் தொடர்புப் பதிவுகளைக் கொண்டு அயனமண்டலத்தை ஆராயும் ஹாம்சை என்ற குழு அமெரிக்காவில் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து செயல்படுகிறது. ஆகவே இது என் கற்பனை அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டைகளை மட்டும் வைத்து முழு முடிவுக்கு வர முடியாது. பேசிய எல்லோரும் அட்டை அனுப்புவதில்லை. அனுப்பியவையும் எல்லாம் வந்து சேர்வதில்லை. விருதுக்கு உதவாத நாடு என்றால் நம் ஊர் ஹாமே அட்டை கேட்டிருக்கமாட்டார். ஆகவே அட்டைகளோடு நிலையப் பதிவேடும் சேர்ந்து வர வேண்டும். பேசிய ஒவ்வொரு தொடர்பையும் ஹாம்கள் வரிசையாக எழுதி வைத்த நோட்டு அது. பரணில் அட்டைப் பெட்டிக்கு அருகில்தான் பெரும்பாலும் இருக்கும். குடும்பத்தார் அதைக் கணக்கு நோட்டு என்று நினைத்துவிடக்கூடாது.

மதுரைக்காரர்கள் கேட்டால் மகிழக்கூடிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உலக உருண்டையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுக்கும் முறையை ஹாம்கள் பயன்படுத்துகிறார்கள். 1980இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் கூடி வகுத்ததால் அந்த ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஒரு கட்டம் என்பது கிழக்கு மேற்காக இரண்டு பாகை, வடக்கு தெற்காக ஒரு பாகை. வடக்கு அகலக்கோடு 10, கிழக்கு நெடுங்கோடு 78 ஆகியவை வெட்டும் புள்ளியில் நான்கு கட்டங்கள் கூடுகின்றன. அந்தப் புள்ளி நகருக்கு வடமேற்கே, சோழவந்தான் பக்கம் இருக்கிறது. மதுரை நகரம் எம்ஜே99. மேலூர் எம்கே90. உசிலம்பட்டி எம்ஜே89. வாடிப்பட்டி எம்கே80. கட்டங்களைச் சேகரிக்கும் ஹாம்களுக்கு நான்கையும் அரை நாளில் பஸ்ஸிலேயே சுற்றிவரக்கூடிய ஊர் கிடைப்பது பெரிய வரம். இந்த வட்டாரத்து அட்டைகளைப் பகுக்கும்போது ஊர்ப்பெயரோடு இந்தக் குறியையும் எழுதினால் ஆய்வாளர்களுக்கு உதவும்.

நூலகத்திடம் ஏன் கேட்கிறேன், ஹாம் சங்கங்களே வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். சங்கங்கள் தன்னார்வத்தில் நடப்பவை. பெரும்பாலானவற்றுக்குச் சொந்த அறை கிடையாது. செயலாளர் மாறும்போது சங்கத்தின் அலமாரியும் வீடு மாறும். அப்படி மாறிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தொலைந்திருக்கிறது. நூலகம் நிலைத்து நிற்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். 2023 ஜூலை 15 அன்று நத்தம் சாலையில் உங்கள் நூலகம் திறக்கப்பட்டபோது, தென்மாவட்டத்துக்காரர்கள் பெரிய நூலகத்துக்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்று பலரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியின் உரிமையில்தான் கேட்கிறேன்.

புத்தகமாக இல்லாதது நூலகத்துக்குள் எப்படி வரும் என்ற தயக்கம் எழுந்தால், நம் பக்கத்து ஊரான கோட்டையூரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜா முத்தையா செட்டியார் அங்கே தன் வீட்டில் நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். மற்றவர்கள் கசக்கி எறிந்தவை அவை. இன்று சென்னையில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகத்துக்கு உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். வியன்னாவில் வானொலி வரலாற்றுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இயங்குகிறது. மறைந்த ஹாம்களின் அட்டைகளைப் பல நாட்டுக் குடும்பங்களிடமிருந்து பெற்று வகைப்படுத்திப் பாதுகாப்பதே அதன் முக்கியமான பணிகளில் ஒன்று. மதுரையிலிருந்து போன அட்டைகள் அங்கே இருக்கக்கூடும். மதுரைக்கு வந்தவற்றை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

இதை இப்போதே செய்ய வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்கும் காரணம் உண்டு. 2003 முதல் அமெரிக்கச் சங்கம் கணினி வழியே தொடர்பை உறுதிசெய்யும் முறையை நடத்துகிறது. விருதுக்கு அதுவே போதும். நானும் பயன்படுத்துகிறேன். செலவில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. 2017இல் வந்த எஃப்டி8 முறையில் இரு கணினிகள் ஒன்றரை நிமிடத்தில் குறிகளைப் பரிமாறிக்கொண்டு தாமே பதிவும் செய்துவிடுகின்றன. இதனால் காகித அட்டை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஆனால் 2024 மே மாதம் அந்தச் சங்கத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, உறுதிப்படுத்தும் சேவை ஏறத்தாழ ஒன்றரை மாதம் முடங்கியது. அந்த நாட்களில் எங்கள் கையில் இருந்தது காகிதம் மட்டும்தான். கணினி 'ஆம்' என்று சொல்வதோடு நின்றுவிடும். பின்லாந்து ஆசிரியரின் இரண்டு வரி அதில் வராது. காகித அட்டைகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. எல்லையில்லாமல் பெருகும் சேகரிப்பு அல்ல இது. ஒரு முறை ஒழுங்காகச் சேர்த்துவிட்டால் பிறகு பெரிதாக வளராது என்பதை நிர்வாகம் கருத்தில் கொள்ளலாம்.

வேலைச்சுமை உங்கள் ஊழியர்கள்மேல் விழ வேண்டாம். பிரிப்பது, தூசு தட்டுவது, பட்டியல் எழுதுவது எல்லாவற்றையும் ஹாம்கள் நாங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து செய்வோம். ஒவ்வோர் அட்டையிலும் அழைப்புக்குறி, தேதி, நேரம், அலைவரிசை, ஊர் எல்லாம் எழுதியிருப்பதால் பட்டியலுக்குத் தேவையானது அட்டையிலேயே கிடைக்கிறது. எங்களுக்குத் தெரியாதது பாதுகாக்கும் முறை. அதில் உங்கள் வழிகாட்டுதல் வேண்டும். ஒட்டும் ஆல்பங்களில் சிக்கிய அட்டைகளைக் கிழியாமல் எடுப்பது எப்படி, ராமபாணப் பூச்சி தொற்றிய பெட்டியை மற்றவற்றோடு சேர்க்கும்முன் என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். லேமினேஷன் மட்டும் வேண்டாம். தபால்தலைக்காகக் கவர்களை வெட்டும் பழக்கமும் வேண்டாம். அஞ்சல் முத்திரையோடு முழுக் கவர் இருந்தால்தான் அட்டை எத்தனை நாள் பயணம் செய்தது என்று தெரியும்.

முகவரி பற்றியும் யோசித்திருக்கிறேன். அட்டைகளில் அனுப்பியவரின் வீட்டு முகவரி இருக்கும். அவர்களில் பலர் இன்றும் வாழ்கிறார்கள். ஆகவே மின்னுருவாக்கம் செய்து இணையத்தில் வைப்பதானால் முகவரிப் பகுதியை மறைத்துத்தான் வைக்க வேண்டும். மூலத்தை நூலகத்துக்குள் ஆய்வாளர்களுக்கு மட்டும் காட்டலாம். கொடுக்கும் குடும்பத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெறுவதும் அவசியம்.

கொஞ்சம் சேர்ந்ததும் குழந்தைகள் பிரிவில் ஒரு சுவரைத் தந்தால் உலக வரைபடத்தைச் சுற்றி அட்டைகளின் நகல்களை ஒட்டலாம். ஜோர்டான் மன்னர் ஹுசேன் ஜேஒய்1 என்ற குறியோடு எல்லா ஹாம்களையும் போல வானொலியில் பேசி அட்டை அனுப்பியவர். ராஜீவ் காந்தி வியு2ஆர்ஜி. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள வீரர்களோடு பேசினாலும் அட்டை உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானிலிருந்து ஒரு குழு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தீவுகளின் குரல் கேட்டதால் உலக ஹாம்கள் முண்டியடித்துக்கொண்டு அழைத்தார்கள். 26ஆம் தேதி சுனாமி தாக்கியதும் அதே நிலையம் துயர்ச் செய்திகளையும் உதவிக் கோரிக்கைகளையும் அனுப்பும் நிலையமாக மாறியது. அந்த நாட்களின் வியு4 என்று தொடங்கும் அந்தமான் அட்டை நம் பகுதியில் யாரிடமாவது இருந்தால் முதலில் அதைச் சட்டமிட்டு வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ஹாம்களின் பிள்ளைகளாக, பேரப்பிள்ளைகளாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் பெட்டியை இன்னும் கொஞ்ச காலம் பொறுத்து வைத்திருங்கள். ஈரம் படாத இடத்தில், தரையில் படாமல் வைத்தால் போதும். நீங்களாகப் பிரித்து அடுக்க வேண்டாம். அவர் அடுக்கிய வரிசையே ஒரு தகவல். இன்று உரிமத்தோடு இருக்கும் என் நண்பர்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் அட்டைகள் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள்.

நிர்வாகத்தினருக்கு இறுதியாக ஒரு செய்தி. அண்ணா நகரில் ஒரு குடும்பம், மறைந்த தந்தையின் அட்டைகளையும் பதிவேடுகளையும் நூலகம் ஏற்றுக்கொள்ளுமானால் முழுவதையும் தருவதாக எங்களிடம் சொல்லியிருக்கிறது. சித்திரை மாதத்துக்குள் அவர்கள் வீடு மாற வேண்டியிருக்கிறது. ஏற்பீர்கள் என்றால் எந்த நாளில், எந்தப் பிரிவில், யாரைப் பார்த்து ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவியுங்கள். ஒப்புதல் கடிதத்தோடும், முதல் பெட்டிக்கு நாங்கள் எழுதி முடித்த பட்டியலோடும் வருகிறோம்.

இப்படிக்கு,
மதுரையைச் சேர்ந்த ஒரு ஹாம் வானொலியாளர்